படிவத்தில் வரும் கோப்பைச் சர்வரில் எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி இது. ஒரு கல்லூரியின் மாணவர் சேர்க்கைப் படிவம் பிஎச்பியில் எழுதப்பட்டிருக்கிறது. விண்ணப்பிப்பவர் தம் புகைப்படத்தையும் மதிப்பெண் சான்றிதழின் பிடிஎஃப் நகலையும் பதிவேற்ற வேண்டும். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் எக்ஸ்டென்ஷனையும் அளவையும் பார்க்கிறது. சர்வரில், பதிவேற்றிய கோப்புகளின் விவரத்தைப் பிஎச்பி வைக்கும் ஃபைல்ஸ் அர்ரேயில் வரும் ‘டைப்’ மதிப்பு ஜேபெக் என்றோ பிடிஎஃப் என்றோ இருந்தால் கோப்பு ‘அப்லோட்ஸ்’ ஃபோல்டரில் சேமிக்கப்படுகிறது. இது போதுமா? கூடவே இரண்டு புகார்கள். பெரிய கோப்பை அனுப்பினால் ‘பெயரை நிரப்பவும்’ என்று சம்பந்தமில்லாத பிழை வருகிறது. தமிழில் பெயரிட்ட கோப்புகள் ஃபோல்டரில் கண்ணுக்கே தெரிவதில்லை. ஒருவர் கோப்பைத் திறந்தால் இன்னொருவருடையது வருகிறது.

போதாது. அந்த ‘டைப்’ மதிப்பு சர்வர் கண்டுபிடித்தது அன்று, அனுப்பியவர் சொன்னது. படிவத்தின் வழியே கோப்பு அனுப்பும் முறையை முதன்முதலில் வரையறுத்த ஆவணம் ஆர்எஃப்சி 1867 (இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவண வரிசையே ஆர்எஃப்சி). ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் எழுதி, 1995 நவம்பரில் வெளியானது. கோப்பின் உள்ளடக்க வகையை அனுப்பும் பக்கமே எழுதி அனுப்பும் என்ற ஏற்பாடு அதிலேயே இருக்கிறது. இன்று நடப்பில் உள்ள 2015ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 7578இலும் அது தொடர்கிறது. பிரவுசர்கூடப் பெரும்பாலும் கோப்பைத் திறந்து பார்ப்பதில்லை. பெயரின் வாலைப் பார்த்து வகையை எழுதிவிடுகிறது. பிரவுசரே இல்லாமல் ‘கர்ல்’ போன்ற ஒரு கட்டளையால் அனுப்புகிறவர் அந்த இடத்தில் தாம் விரும்பியதை எழுதலாம். டப்பாவின் மேல் ‘சர்க்கரை’ என்று எழுதி ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு, திறக்காமலே காப்பியில் கொட்டுவது போன்றது உங்கள் சோதனை.

ஜாவாஸ்கிரிப்ட் சோதனையை இதற்காக நீக்கிவிட வேண்டாம். மொபைல் இணைப்பில் பத்து மெகாபைட் கோப்பைத் தள்ளி முடித்த பிறகு ‘அளவு அதிகம்’ என்று சொல்வது கொடுமை. அதை முன்கூட்டியே சொல்ல அந்த வரிகள் உதவும். அவை விண்ணப்பிப்பவரின் வசதிக்கு மட்டுமே. பாதுகாப்புக் கணக்கில் அவற்றுக்கு மதிப்பு பூஜ்யம்.

இந்த விஷயத்தை அணுகும் பலர் ‘வந்த கோப்பு நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது’ என்றுதான் தொடங்குகிறார்கள். நான் அதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். முதல் கேள்வி: கெட்ட கோப்பு ஒன்று எல்லாச் சோதனைகளையும் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அதனால் என்ன செய்ய முடியும்? உங்கள் அமைப்பில் அதற்கான பதில் பயங்கரமானது. ‘அப்லோட்ஸ்’ ஃபோல்டர் தளத்தின் பொது ஃபோல்டருக்குள்ளேயே இருக்கிறது. ஒருவர் நான்கு வரி பிஎச்பி நிரலை எழுதி, வகை என்ற இடத்தில் ஜேபெக் என்று குறித்து அனுப்புகிறார். உங்கள் சோதனை அதை ஏற்றுக்கொள்கிறது. பிறகு அந்தக் கோப்பின் முகவரியைப் பிரவுசரில் தட்டுகிறார். சர்வர் அதை ஒரு பக்கமாக எண்ணி இயக்குகிறது. அடுத்த நிமிடம் தரவுத்தளத்தின் கடவுச்சொல் அவர் கையில். விண்ணப்பித்த அத்தனை மாணவர்களின் விவரமும் அதன் பின்னால் போகும்.

ஆகவே முதல் திருத்தம் சோதனையில் அன்று, இடத்தில். பதிவேற்றும் கோப்புகளைத் தளத்தின் பொது ஃபோல்டருக்கு வெளியே கொண்டுபோங்கள். இணைய முகவரி வழியாக நேரடியாக எட்ட முடியாத இடத்தில் இருக்கும் கோப்பை யாரும் முகவரி தட்டி இயக்க முடியாது, அதன் எக்ஸ்டென்ஷன் எதுவாக இருந்தாலும். இந்த ஒரு மாற்றம், கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தாலும் அவற்றைவிடக் கூடுதல் பயன் தரும்.

‘எச்டிஅக்சஸ் கோப்பு (ஒரு ஃபோல்டருக்கான விதிகளை அப்பாச்சி சர்வருக்குச் சொல்வது) ஒன்றை அங்கே போட்டு பிஎச்பி இயங்காமல் தடுத்துவிட்டேன், போதாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. ஜேக்வெரி ஃபைல் அப்லோட் என்ற புகழ்பெற்ற நிரல்தொகுப்பு அதைத்தான் நம்பியிருந்தது. அப்பாச்சி சர்வர் 2010இல் வெளியிட்ட 2.3.9 பதிப்பில், ஃபோல்டருக்குள் இருக்கும் எச்டிஅக்சஸ் கோப்புகளை இயல்பாகப் படிப்பதையே நிறுத்திவிட்டது. வேண்டுமென்றால் நிர்வாகி தனியாக அனுமதிக்க வேண்டும். தொகுப்பின் நிரல் மாறவில்லை, பாதுகாப்பு மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போனது. 2018 அக்டோபரில் அகமாய் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் வெளிப்படுத்திய பிறகுதான் அதற்கு சிவிஇ-2018-9206 என்ற பாதுகாப்பு ஓட்டைப் பதிவு எண்ணும் திருத்தமும் வந்தன. அதற்குள் கிட்ஹப்பில் ஆயிரக்கணக்கானோர் அந்தத் தொகுப்பைத் தங்கள் பெயரில் நகலெடுத்து வைத்திருந்தார்கள். மூலத்தைத் திருத்தியதால் அந்த நகல்கள் தாமாகத் திருந்திவிடாது. என்ஜின்எக்ஸ் சர்வரோ எச்டிஅக்சஸ் கோப்பை எப்போதும் படித்ததே இல்லை. தளத்தை அப்பாச்சியிலிருந்து என்ஜின்எக்ஸுக்கு மாற்றும் நாளில் இந்தத் தடுப்பு காற்றில் போய்விடும், எந்த எச்சரிக்கையும் வராது.

கோப்பு வெளியே போய்விட்டால் அலுவலகத்தில் இருப்பவர் அதை எப்படிப் பார்ப்பார்? ஒரு சிறிய பிஎச்பி பக்கம் வழியாக. அந்தப் பக்கம் முதலில் உள்நுழைந்திருப்பவர் யார், இந்தக் கோப்பைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டா என்று பார்க்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முகவரியில் உள்ள விண்ணப்ப எண்ணை ஒன்று கூட்டித் தட்டினால் அடுத்த மாணவியின் சான்றிதழ் திறக்கும் தளங்களை நான் பார்த்திருக்கிறேன். உரிமை சரி என்றால், உள்ளடக்க வகையை உங்கள் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, பதிலோடு போகும் ஹெடரில் (தலைப்புக் குறிப்பில்) எழுதுங்கள். ‘எக்ஸ்-கன்டென்ட்-டைப்-ஆப்ஷன்ஸ்: நோஸ்னிஃப்’ என்ற ஹெடரைச் சேருங்கள். அது இருந்தால் பிரவுசர் தன் சொந்த ஊகத்தில் ஒரு கோப்பை வலைப்பக்கமாக எண்ணித் திறக்காது. ‘கன்டென்ட்-டிஸ்பொசிஷன்’ ஹெடரில் ‘அட்டாச்மென்ட்’ என்று போட்டால் கோப்பு பக்கத்துக்குள் திறக்காமல் பதிவிறக்கமாகும். கூகுளும் கிட்ஹப்பும் பயனர்கள் தரும் கோப்புகளைத் தனி டொமைன்களிலிருந்தே தருகின்றன. ஏதேனும் ஒன்று நிரலாக ஓடினாலும் முதன்மைத் தளத்தின் குக்கிகள் அதற்கு எட்டாது. ஒரு கல்லூரிப் படிவத்துக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

இனி பெரிய கோப்புப் புகார். இதற்குக் காரணம் உங்கள் நிரலில் இல்லை, பிஎச்பியின் இரண்டு வரம்புகளில் இருக்கிறது. ஒரு கோப்பின் அளவுக்கு ‘அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ்’, மொத்தக் கோரிக்கைக்கு ‘போஸ்ட்_மேக்ஸ்_சைஸ்’. யாரும் மாற்றாதவரை முதலாவது 2 மெகாபைட், இரண்டாவது 8 மெகாபைட். ஒரு கோப்பு 2 மெகாபைட்டைத் தாண்டி, மொத்தம் 8க்குள் இருந்தால் ஒழுங்காகப் பிழை எண் 1 கிடைக்கும். மொத்தமே 8ஐத் தாண்டினால் பிஎச்பி போஸ்ட் அர்ரேயையும் ஃபைல்ஸ் அர்ரேயையும் காலியாக விட்டுவிடும். கோப்பு மட்டுமல்ல, பெயர், பிறந்த தேதி எல்லாமே போய்விடும். உங்கள் நிரல் பெயரைத் தேடுகிறது, காணவில்லை, ‘பெயரை நிரப்பவும்’ என்கிறது. நிரல் பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். கோரிக்கை போஸ்ட் முறையில் வந்திருக்கிறது, இரண்டு அர்ரேக்களும் காலி, ஆனால் ‘கன்டென்ட்-லெங்த்’ பூஜ்யத்தைவிடப் பெரிது என்றால், அளவு மீறியது என்று பொருள். அந்த நிலையைப் படிவத்தின் மற்ற எல்லாச் சோதனைகளுக்கும் முன்னால் பார்த்து, அளவைப் பற்றிப் பேசும் பிழையைக் காட்டுங்கள்.

முன்னால் என்ஜின்எக்ஸ் இருந்தால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. இயல்பாக 1 மெகாபைட். அதைத் தாண்டினால் பிஎச்பியின் காதுக்கு எட்டும் முன்பே 413 என்ற பிழையோடு திருப்பி அனுப்பிவிடும். மூன்று வரம்புகளையும் ஒன்றுக்கொன்று பொருந்த வையுங்கள். ஒரு கோப்புக்கு 2 மெகாபைட், படிவத்தில் இரண்டு கோப்பு என்றால் மொத்தக் கோரிக்கைக்கு 5 அல்லது 6 போதும், என்ஜின்எக்ஸுக்கும் அதே அளவு. யாரோ ஒரு பதிலில் 512 மெகாபைட் என்று எழுதியிருந்ததை அப்படியே ஒட்டிக்கொள்ள வேண்டாம். வட்டை நிரப்பித் தளத்தை முடக்க விரும்புபவருக்கு அது அழைப்பிதழ். படிவத்தில் மறைவாக வைக்கும் ‘மேக்ஸ்_ஃபைல்_சைஸ்’ புலத்தையும் யார் வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம். அதை நம்பி எதையும் விட வேண்டாம்.

பிழை எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பூஜ்யம் என்றால் கோப்பு முழுமையாக வந்துவிட்டது. 3 என்றால் பாதியில் அறுந்தது. மொபைல் இணைப்பில் இது நடக்கும், ‘மீண்டும் அனுப்புங்கள்’ என்று சொன்னால் போதும். 4 என்றால் கோப்பையே தேர்ந்தெடுக்கவில்லை. 6, 7, 8 மூன்றும் சர்வரின் கோளாறுகள்: தற்காலிக ஃபோல்டர் இல்லை, வட்டில் எழுத முடியவில்லை, ஏதோ ஒரு பிஎச்பி நீட்சி தடுத்துவிட்டது. இவற்றை விண்ணப்பிப்பவர் முகத்தில் அறையாமல் பதிவேட்டில் எழுதிவிட்டு, பொதுவான மன்னிப்பு ஒன்றைக் காட்டுங்கள். 5 என்ற எண் கிடையாது, தேட வேண்டாம். இன்னொரு நுணுக்கம்: புலத்தின் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்பைச் சேர்த்து ஒருவர் அனுப்பினால் பிழை எண் இருக்கும் இடத்தில் ஒரு அர்ரே வந்து நிற்கும். ஆகவே அது எண்தானா என்று முதலில் பாருங்கள். பூஜ்ய பைட் கோப்பையும் அங்கேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

இப்போது உள்ளடக்கத்துக்கு வருவோம். பெரும்பாலான கோப்பு வகைகள் தங்கள் தொடக்க பைட்டுகளில் அடையாளம் வைத்திருக்கின்றன. ஜேபெக் பதினறும எண்ணில் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்று தொடங்கும். பிடிஎஃப் ஒரு சதவீதக் குறியும் ‘பிடிஎஃப்-’ என்ற எழுத்துகளும். பிஎன்ஜியின் எட்டு பைட் அடையாளம் அழகான வேலை: முதல் பைட் 89, பிறகு பிஎன்ஜி என்ற மூன்று எழுத்துகள், பிறகு விண்டோஸ் பாணி வரிமுடிவு, ஒரு கட்டுப்பாட்டு எழுத்து, யூனிக்ஸ் பாணி வரிமுடிவு. பழைய மென்பொருள்கள் கோப்பை உரை என்று எண்ணி வரிமுடிவுகளை மாற்றியிருந்தால் இந்த எட்டுக்குள்ளேயே சேதம் தெரிந்துவிடும். இவற்றையெல்லாம் நீங்கள் கையால் ஒப்பிட வேண்டியதில்லை, பிஎச்பி 5.3 முதல் கூடவே வரும் ஃபைல்இன்ஃபோ நீட்சி அதைச் செய்யும். தற்காலிகக் கோப்பின் பாதையைக் கொடுத்தால் உண்மையான மைம் வகையை, அதாவது உள்ளடக்க வகையின் பெயரை, சொல்லும். அது உங்கள் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் ஜேபெக், பிஎன்ஜி, பிடிஎஃப் என்று மூன்றே இருக்கட்டும். புகைப்படப் புலத்தில் பிடிஎஃப் வந்தாலும் தவறுதான். ஒவ்வொரு புலத்துக்கும் தனிப் பட்டியல் வையுங்கள்.

ஆனால் ஃபைல்இன்ஃபோ பார்ப்பது கோப்பின் அடையாளத்தை, நாணயத்தை அன்று. ‘ஜிஐஎஃப்89ஏ’ என்ற ஆறு எழுத்துகளை முன்னால் வைத்துப் பின்னால் பிஎச்பி நிரலை எழுதினால் அது ‘ஜிஃப் படம்’ என்று தேறிவிடும். ‘கெட்இமேஜ்சைஸ்’ என்ற செயற்கூறை இதற்குப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. அதை வைத்து ஒரு கோப்பு செல்லுபடியான படமா என்று முடிவு செய்யாதீர்கள் என்று பிஎச்பி கையேடே எச்சரிக்கிறது. உள்ளடக்கச் சோதனை திருடனைவிட நல்லவர்களுக்கே அதிகம் பயன்படுகிறது என்பது என் அனுபவம். வேர்ட் கோப்பின் வாலைப் பிடிஎஃப் என்று மாற்றினால் பிடிஎஃப் ஆகிவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இணையத்திலிருந்து சேமித்த வெப்பி படம் ஜேபிஜி என்ற பெயரோடு வரும். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐஃபோன் படங்களை எச்இஐசி வடிவில் சேமிக்கிறது. படங்களைக் கையாளும் பிஎச்பியின் ஜிடி நீட்சிக்கு அதைப் படிக்கத் தெரியாது. இவர்களிடம் ‘தவறான கோப்பு’ என்று மட்டும் சொன்னால் நான்கு முறை அதையே அனுப்பிவிட்டு அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்வார்கள். ‘இது எச்இஐசி வகைப் படம், ஜேபெக்காக மாற்றி அனுப்புங்கள்’ என்று கண்டுபிடித்த வகையைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள்.

எக்ஸ்டென்ஷனைத் தடைப்பட்டியல் வைத்துச் சோதிப்பது வீண் வேலை. பிஎச்பியைத் தடுத்தால் பிஎச்டிஎம்எல் இருக்கிறது, ஃபார் இருக்கிறது, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்த வடிவங்கள் இருக்கின்றன. அப்பாச்சியில் ஒரு குறிப்பிட்ட முறையில் பிஎச்பியை இணைத்திருந்தால், ‘படம்.பிஎச்பி.ஜேபிஜி’ என்ற இரட்டை வால் கோப்புகூட நிரலாக இயங்கும். பிஎச்பி 5.3.4க்கு முந்தைய பதிப்புகளில் பெயரின் நடுவே ஒரு பூஜ்ய பைட்டைச் செருகினால் அதற்குப் பின்னாலுள்ள ‘.ஜேபிஜி’ வெட்டுப்பட்டு, ‘.பிஎச்பி’ மட்டும் மிஞ்சும். மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் 6 சர்வரில் அரைப்புள்ளி அதே வேலையைச் செய்தது. இந்தத் தந்திரங்கள் ஒவ்வொன்றுக்கும் மருந்து தேடுவதைவிட எளிய வழி ஒன்று உண்டு: விண்ணப்பிப்பவர் தரும் பெயரை வட்டில் எழுதவே எழுதாதீர்கள்.

உங்கள் தமிழ்ப் பெயர்ப் புகாரும் அங்கேதான் தீரும். என் ஊகம், உங்கள் நிரலில் ‘ஆங்கில எழுத்து, எண், புள்ளி தவிர மற்றதை நீக்கு’ என்று ஒரு வரி இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்களில் பரவலாகக் கிடைக்கும் வரி அது. ‘மதிப்பெண் சான்றிதழ்’ என்று பெயரிட்ட பிடிஎஃப் அந்த வரியைத் தாண்டும்போது எல்லா எழுத்தும் உதிர்ந்து புள்ளியும் வாலும் மட்டும் மிஞ்சுகின்றன. அடுத்த மாணவரின் ‘பிளஸ் டூ சான்றிதழ்’ என்ற கோப்புக்கும் அதே கதி, ஆகவே முதலாவதன் மேல் இரண்டாவது எழுதப்படுகிறது. லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் கோப்பு மறைகோப்பு; சாதாரணப் பட்டியலில் தெரியாது. ஃபோல்டரில் எதுவும் இல்லை என்று நீங்கள் எண்ணியதற்குக் காரணம் இதுவே.

அந்த வரியைத் திருத்த முனைகிறவர்கள் அடுத்த பள்ளத்தில் விழுவார்கள். ‘யூனிகோட் எழுத்துகள் எல்லாவற்றையும் அனுமதி’ என்று ரெகெக்ஸை (எழுத்துகளைத் தேடும் விதியை) மாற்றினால், யூனிகோட் கணக்கில் உயிர்மெய்யின் துணைக்குறிகளும் மெய்யெழுத்தின் புள்ளியும் ‘எழுத்து’ அல்ல, ‘குறி’. ‘சான்றிதழ்’ என்பது ‘சனறதழ’ ஆகிவிடும். குறி வகையையும் சேர்த்து அனுமதிக்க வேண்டும். அதன் பிறகும் நீளம் உதைக்கும்: லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளில் ஒரு பெயருக்கு 255 பைட் வரம்பு, தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் யூடிஎஃப்-8இல் 3 பைட். துணைக்குறிகளையும் சேர்த்து எண்ணினால் 85க்கு மேல் இடமில்லை. போதாததற்கு, ‘கொ’ என்ற எழுத்தை ஒரே கொம்புக்கால் குறியோடும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள்.

வட்டில் எழுதும் பெயரை நீங்களே உருவாக்குங்கள். ‘ரேண்டம்_பைட்ஸ்’ செயற்கூறிடம் 16 பைட் வாங்கிப் பதினறும எண்ணாக மாற்றினால் 32 எழுத்து கிடைக்கும். ஒன்றன்மேல் ஒன்று விழும் என்ற கவலை வேண்டாம். எக்ஸ்டென்ஷனை ஃபைல்இன்ஃபோ கண்டுபிடித்த வகையிலிருந்து உங்கள் சொந்த அட்டவணை வழியே எடுங்கள். விண்ணப்பிப்பவர் வைத்த பெயர் தரவுத்தளத்தில் ஒரு புலமாக மட்டும் இருக்கட்டும், ஒரே எழுத்து ஒரே முறையில் பதிவாகும்படி யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிச் சேமியுங்கள். அதைத் திரையில் காட்டும்போது ‘எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ்’ வழியாகவே காட்டுங்கள். கோப்புப் பெயருக்குள்ளேயே ஸ்கிரிப்ட் எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. பதிவிறக்கும்போது தமிழ்ப் பெயரே வர வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது: கன்டென்ட்-டிஸ்பொசிஷன் ஹெடரில் நட்சத்திரக் குறியிட்ட ‘ஃபைல்நேம்’ புலம், 2011இல் வந்த ஆர்எஃப்சி 6266 சொல்கிறபடி. சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பதிவேற்றங்களைப் படிக்கும் பஸ்பாய் நிரல்தொகுப்பு 1.0 பதிப்பு முதல் கோப்புப் பெயரை இயல்பாக, ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 என்று படிக்கிறது. தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாக மாறி வந்தால் அங்கே பாருங்கள்.

புகைப்படத்துக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு இருக்கிறது: அதைத் திறந்து, புதிய ஜேபெக்காக மறுபடி எழுதிவிடலாம். பின்னால் ஒட்டிவைத்த நிரல், குறிப்புப் பகுதியில் ஒளித்த வரிகள், மாணவியின் வீடு எங்கே என்று காட்டும் ஜிபிஎஸ் விவரம் எல்லாம் அதில் உதிர்ந்துவிடும். கடைசியாகச் சொன்னதற்காகவே இதைச் செய்யலாம். ஆனால் திறக்கும் முன் நீள அகலத்தைப் பார்த்துவிடுங்கள். இதற்கு கெட்இமேஜ்சைஸ் சரியான கருவி. வட்டில் சில நூறு கிலோபைட் மட்டுமே இருக்கும் ஒரு பிஎன்ஜி 20,000க்கு 20,000 பிக்சல் கொண்டதாக இருக்கலாம். பிக்சலுக்கு 4 பைட் என்றால் விரிக்கும்போது 1.6 ஜிகாபைட் நினைவகம் கேட்கும். பிஎச்பியின் இயல்பான நினைவக வரம்பு 128 மெகாபைட். மொத்தம் 2 கோடிப் பிக்சலுக்கு மேல் இருந்தால் திறக்காமலே மறுத்துவிடுங்கள். மறுபடி எழுதும்போது, படத்துக்குள் கேமரா எழுதிவைக்கும் எக்சிஃப் தகவலோடு, கைபேசி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்ற குறிப்பும் போய்விடும். அதை முன்பே படித்துப் படத்தைச் சுழற்றவில்லை என்றால் மாணவர்களில் பாதிப் பேர் படுத்த நிலையில் அடையாள அட்டையில் தோன்றுவார்கள்.

ஜிடிக்குப் பதிலாக இமேஜ்மேஜிக் என்ற படக் கருவியைப் பயன்படுத்துவதானால் 2016 மே மாதத்து ‘இமேஜ்டிராஜிக்’ விவகாரத்தைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். எக்ஸ்டென்ஷன் ஜேபிஜி என்றிருந்தாலும் உள்ளே இருப்பதைப் பார்த்து வேறு வடிவமாகப் புரிந்துகொள்ளும் அதன் பழக்கத்தால், படம் போல வந்த உரைக்கோப்பு ஒன்று சர்வரில் கட்டளைகளை ஓட்ட முடிந்தது. அடையாள பைட்டுகளை முதலில் சரிபார்த்துவிட்டு, தேவையற்ற வடிவங்களை அதன் கொள்கைக் கோப்பில் அடைத்த பிறகே படத்தைக் கொடுங்கள். எஸ்விஜியை ஏற்கவே வேண்டாம். அது படம் என்ற பெயரில் வரும் எக்ஸ்எம்எல் ஆவணம், உள்ளே ஸ்கிரிப்ட் எழுத இடம் இருக்கிறது. மறுபடி எழுதுவதும் முழுக் காப்பு அல்ல. சுருக்கிய பிறகும் பிழைத்திருக்கும்படி பிஎன்ஜியின் பிக்சல்களிலேயே நிரலை ஒளிக்க முடியும் என்று செய்து காட்டியிருக்கிறார்கள். இடத்தை முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிடிஎஃப் விஷயத்தில் இந்த வசதி இல்லை. அதற்குள் ஜாவாஸ்கிரிப்ட் இருக்கலாம், வேறு கோப்பே இணைப்பாக இருக்கலாம். பிடிஎஃப்பைப் படித்து எழுதும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் வழியாக மறுபடி எழுதலாம் என்பார்கள். அந்த மென்பொருளிலேயே பலமுறை ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன, தனிமைப்படுத்தாமல் ஓட்டுவது புது வாசல் திறப்பதுதான். இந்தப் படிவத்துக்கு நான் செய்வது இவ்வளவே: வகையைச் சோதிப்பேன், கிளாம்ஏவி வைரஸ் சோதனைக்கு அனுப்புவேன், பதிவிறக்கமாக மட்டும் தருவேன். கிளாம்ஏவி ஓடுகிறதா என்று பார்க்க ஐகார் எனப்படும் 68 எழுத்துச் சோதனை வரி இருக்கிறது. தீங்கற்றது, ஆனால் எல்லா வைரஸ் தடுப்பான்களும் அதைப் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நடைமுறையில் பிடிஎஃப்பால் வரும் தலைவலி வேறு. ஆதார் இணையதளத்திலிருந்து இறக்கும் பிடிஎஃப் கடவுச்சொல்லால் பூட்டியே வருகிறது. அதை அப்படியே பதிவேற்றிவிடுவார்கள், சேர்க்கை முடியும் வாரத்தில் எழுத்தர் திறக்க முடியாமல் திண்டாடுவார். கியூபிடிஎஃப் என்ற கட்டளைக் கருவிக்குக் கோப்பு பூட்டப்பட்டிருக்கிறதா என்று சொல்லத் தெரியும். நேர வரம்பு வைத்து அதை ஓட்டி, பூட்டியிருந்தால் அங்கேயே திருப்பி அனுப்புங்கள்.

எந்தச் சோதனையாக இருந்தாலும், கோப்பு தற்காலிக ஃபோல்டரில் இருக்கும்போதே நடக்கட்டும். முதலில் சேமித்துவிட்டுப் பிறகு சோதித்து அழிப்பது, நடுவில் உள்ள சில நூறு மில்லிநொடிகளை எதிரிக்குப் பரிசாகக் கொடுப்பது. அந்த இடைவெளியில் கோப்பைத் திறக்க நொடிக்கு நூறு முறை தட்டிக்கொண்டே இருக்க ஒரு சிறு நிரல் போதும். எல்லாம் தேறிய பிறகு ‘மூவ்_அப்லோடட்_ஃபைல்’ கொண்டு நகர்த்துங்கள். அது வெறும் பெயர்மாற்றம் அல்ல, கோப்பு உண்மையிலேயே படிவம் வழியாக வந்ததா என்றும் பார்க்கும். தேறாத தற்காலிகக் கோப்பைக் கோரிக்கை முடிந்ததும் பிஎச்பியே அழித்துவிடும்.

பிஎச்பியை விட்டு வேறு மொழிக்குப் போனால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். நோடில் மல்டர் என்ற தொகுப்பு தரும் மைம் வகையும் பைத்தானின் ஜாங்கோவில் பதிவேற்றிய கோப்பின் உள்ளடக்க வகையும் அதே அனுப்பியவர் சொன்ன வகைதான். சில சமயம் உங்கள் சோதனைக்கு வரும் முன்பே கதை முடிந்துவிடும். 2017இல் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா நிரல்தொகுப்பின் பதிவேற்றப் பாகத்தில், உள்ளடக்க வகை ஹெடரில் ஒரு கட்டளைக் கோவையை எழுதி அனுப்பினால் சர்வர் அதை இயக்கிவிடும் ஓட்டை இருந்தது. அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போனது அந்த வழியாகத்தான். திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. அங்கே அதை உரிய நேரத்தில் நிறுவவில்லை. ஆகவே நிரல்தொகுப்புகளைப் புதுப்பிப்பதும் இந்த வேலையின் பகுதி. நீங்கள் எழுதாத பதிவேற்ற வாசல் ஏதும் சர்வரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2020 செப்டம்பரில் வேர்ட்பிரஸின் ஒரு கோப்பு மேலாண்மை நீட்சி, கூட வந்த மாதிரிக் கோப்பு ஒன்றை இயங்கும் நிலையில் விட்டுவிட்டதால், உள்நுழையாமலே எவரும் கோப்பேற்ற முடிந்தது.

புதிய நிரல் ஒரு பக்கம் இருக்கட்டும், ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கோப்புகளை இன்றே பாருங்கள். மறைகோப்புகளும் தெரியும்படி ‘அப்லோட்ஸ்’ ஃபோல்டரைப் பட்டியலிட்டு, ஜேபெக், பிஎன்ஜி, பிடிஎஃப் அல்லாத எதுவும் இருக்கிறதா என்று தேடுங்கள். சர்வரின் அணுகல் பதிவேட்டில் அந்த ஃபோல்டருக்குள் உள்ள ஏதேனும் பிஎச்பி முகவரிக்கு 200 என்ற பதில் போயிருந்தால், கோப்பை அழிப்பதோடு நிறுத்தாமல் தளத்தைப் புதிய சர்வரில் நம்பகமான பிரதியிலிருந்து மீண்டும் நிறுவி, தரவுத்தளக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். எதுவும் இல்லையென்றால், கோப்புகளை வெளி ஃபோல்டருக்கு நகர்த்திப் புதிய பெயர்களைத் தரவுத்தளத்தில் எழுத ஒரு சிறு நிரல் போதும். வெறும் புள்ளியும் வாலுமாகச் சேமிக்கப்பட்டதில் கடைசியாக வந்தவருடையது மட்டும்தான் மிஞ்சியிருக்கும். மற்றவை திரும்ப வராது. தரவுத்தளத்தில் அதே பெயர் பதிவான வரிசைகளைத் தனியே எடுத்து, சேர்க்கை தேதி முடியும் முன் அந்த மாணவர்களிடம் சான்றிதழை மறுபடி கேட்டுவிடுங்கள்.